கேக்கு மிஷினுக்குக் கிரீஸ் போட்ட சனிக்கிழமை

“…மிஷின்ல இருந்து எண்ணெயும் ஒழுகுது, எனக்கும் வய்யா, அதனால இந்த வருஷம் கேக்கு கிடையாது, கேட்டியளா?” என்றாள் அம்மா.

நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அப்பா, மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மாமா, நான். தட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் இருந்தன. அம்மா சொன்னதில் மூன்று சங்கதிகள் இருந்தன. மிஷின் ஒழுகுகிறது, அவளுக்கு முடியவில்லை, கேக்கு இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் காது மந்தம் கிடையாது. ஆனால் முதல் சங்கதி விழுந்ததுமே மாமா கையிலெடுத்த கிழங்கை மறுபடி தட்டில் வைத்துவிட்டார். “எண்ணெய் ஒழுகுதா? எந்த எடத்துல இருந்து?” அதோடு மற்ற இரண்டு சங்கதிகளும் மீன்முள்ளோடு சேர்ந்து தட்டின் ஓரத்துக்குப் போய்விட்டன.

“தலையில இருந்துதான். நேத்து கொஞ்சம் மாவு அடிச்சுப் பாத்தேன். மஞ்சளா ஒரு சொட்டு விழுந்துது. ஓடுதப்ப ஒரு முனகலும் உண்டு.”

“சூடாவுதா?”

“ஆவுது.”

“கருகின மணம்?”

“அதும் உண்டு.”

மாமா அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஆபரேஷன் தவிர வேறு வழியில்லை என்கிற டாக்டர் மாதிரி. “நாளைக்கு சனிக்கிழமைதானே அத்தான். தொறந்துருவோம்.”

“லேய், நான் அதுக்குச் சொல்லல்ல…” என்று அம்மா தொடங்கினாள்.

“நீ ஒண்ணும் வெசனப்படாதக்கா,” என்றார் மாமா.

அந்த மிஷின் மாமா கொண்டுவந்தது. மிக்ஸி வேறு, இது வேறு. மிக்ஸி சட்னி அரைக்கும், எல்லார் வீட்டிலும் இருக்கும். இது மேஜைமேல் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற கனமான வெள்ளை மிஷின். தலைக்குக் கீழே ஒரு எவர்சில்வர் பாத்திரம். தலையிலிருந்து தொங்குகிற துடுப்பு தானும் சுற்றிக்கொண்டு பாத்திரத்தையும் சுற்றி வரும். வெண்ணெயையும் சர்க்கரையையும் போட்டுச் சுவிட்சைத் தட்டிவிட்டால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப் பொங்கிவிடும். எங்கள் சொந்தத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா அவர்களை முன்னறையில் உட்காரச் சொல்வதற்கு முன்னால் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டுவார். திருவனந்தபுரத்துக்கு வந்து இவ்வளவு வருஷத்தில் தாம் சம்பாதித்தது என்ன என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ.

அது வருவதற்கு முன்னாலும் எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் கேக்கு உண்டு. நாங்கள் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் ஆற்றுக்குப் போகிற ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தவர்கள். இந்த ஊரில் பிழைக்க வந்த சொந்தக்காரர்கள் வேறு சிலரும் உண்டு. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த வீடுகளின் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நடுவில் ஒரு பெரிய அலுமினியச் சருவம். அதில் வெண்ணெயும் சர்க்கரையும். பாய் விரித்துச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் அகப்பையை வாங்குவார். ஒரே பக்கமாகத்தான் சுற்றவேண்டும், திருப்பிச் சுற்றினால் கேக்கு பொங்காது என்று ஒரு சட்டம். அப்பாவின் அக்கா, எனக்கு மாமி, அவள் கையில் அகப்பை வந்தால் சருவமே நகரும். மற்றவர்கள் மெதுவாகச் சுற்றினால் விடமாட்டாள். “என்ன பிள்ளே, வெண்ணெயைத் தடவிக் குடுக்கியா? அது என்ன சின்னப் பிள்ளையா, ஒறங்க வைக்கதுக்கு?” என்பாள். பாட்டு நடக்கும். வராத ஒருத்தியைப் பற்றிய பேச்சும் நடக்கும். சாயங்காலம் மாவு நிறைந்த தகரங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாக முக்கிலிருந்த பேக்கரிக்குப் போவோம். அங்கே ரொட்டி சுடுகிற பெரிய போர்மா அடுப்பில் அவற்றை வைத்து எடுத்துத் தருவார்கள். தகரத்துக்கு அடியில் அவரவர் வீட்டு அடையாளம் ஆணியால் கீறியிருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமைக்கு மறுநாள் அம்மா மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததை மாமா பார்த்திருக்கிறார். அப்போது அவருக்கு வேலை கிடைத்த புதிது. அடுத்த தடவை வந்தபோது, கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியில் இந்த மிஷின் வந்தது. “இனி எனக்க அக்காவுக்குக் கை வலிக்கப்படாது,” என்று சொல்லிக்கொண்டே அவர் கயிற்றை அறுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழுதாள். அது சந்தோஷத்தில்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

மிஷின் வந்த வருஷம் பெண்கள் எல்லாரும் மிஷினைப் பார்க்க வந்தார்கள். சுற்றி நின்று பார்த்துவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாததால் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். மறுவருஷம் ஆளுக்குப் பதிலாக அவர்களுடைய தகரங்கள் வந்தன. அதற்கடுத்த வருஷம் தகரமும் இல்லை, போன்தான். “மிஷின் இருக்குல்லா, பின்ன என்ன பிள்ளே? நமக்கும் ரெண்டு சேத்துப் போட்டுரு,” என்பாள் மாமி. மிஷின் செய்வதால் அது யாருக்கும் வேலையாகத் தோன்றவில்லை. இதற்கிடையில் அம்மா கேக்கு சுடுகிற ஓவன் ஒன்றும் வாங்கியிருந்தாள். சொந்தக்காரர்களுக்கு, சபையில் பாட்டுக்குழுவுக்கு, சாலை பஜாரில் அப்பா கணக்கு எழுதுகிற கடைக்கு, அம்மாவின் ஆபீசுக்கு என்று கேக்கு போகும். அக்ரகாரத்தில் அப்பாவுக்குப் பழக்கமான வீடுகளுக்கு முட்டை போடாத கேக்கு தனி. துணி மூடிக் கொடுத்தனுப்புகிற தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்பதால், போன தட்டுகள் எல்லாம் சர்க்கரையோடோ பழத்தோடோ திரும்பி வரும். அவற்றைக் கழுவி வைப்பதும் அம்மாதான்.

அம்மாவுக்கு ஊரின் மறுகோடியில், கழக்கூட்டத்தில், ஒரு கம்பெனியில் வேலை. கரமனையிலிருந்து அங்கே போக இரண்டு பஸ். போகும்போது சில நாள் இடம் கிடைக்கும், வரும்போது கிடைக்காது. ஹைவேயில் பஸ் நின்று நின்று வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கையால் செருப்பைக் கழற்றிக்கொண்டே மறுகையால் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாளோ என்று தோன்றும், அவ்வளவு அவசரம். “எனக்க காலுக்குத் தனியா ஒரு சம்பளம் குடுக்கணும்,” என்பாள். நாங்கள் சிரிப்போம். நன்றாகப் பேசக்கூடியவள் என்று அம்மாவுக்குச் சொந்தத்தில் பெயர். அவள் என்ன சொன்னாலும் முதலில் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். அந்தப் பெயரில் உள்ள கஷ்டம் அது.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜைமேல் மாமா பழைய பேப்பர் விரித்தார். மிஷினைத் தூக்கிவந்து வைத்தார். பிளக்கைப் பிடுங்கியிருப்பதை எனக்கு இரண்டு தடவை காட்டினார். பாத்திரம் போயிற்று, துடுப்பு போயிற்று. தலையை மல்லாத்திப் பார்த்தபோது, துடுப்பு மாட்டுகிற இடத்தைச் சுற்றி மஞ்சள் எண்ணெய் கோர்த்து நின்றது.

“எண்ணெய் வேற, கிரீஸ் வேற ஆயிட்டுது,” என்றார் மாமா. “பழசானா பிரிஞ்சிரும். எண்ணெய் கீழ ஒழுகும், மிச்சம் மேல கல்லாட்டம் ஒட்டியிருக்கும். பல்சக்கரம் பாவம், அதில கெடந்து முக்குது. உள்ள தொறந்து, பழசை வழிச்சு, கழுவி, புதுசு போட்டா தீந்துது. மிஷினு மனுசனாட்டம் இல்ல அத்தான், சொன்னாக் கேக்கும்.”

அன்று அம்மா தலைக்குக் குளித்திருந்தாள். ஈரத் தலையோடு பின்கட்டில் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். கையில் அரிவாள்மணை இல்லை, அரிசி முறம் இல்லை, துவைக்கத் துணி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பதால், உடம்புக்கு ஏதாவதோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அவள் பக்கத்து வீட்டுப் பப்பாளி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுமே இல்லை.

“அக்கா, நீ ரெஸ்ட் எடு, நாங்க பாத்துக்கிடுதோம்,” என்று மாமா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். தொடர்ந்து, “அந்தச் சின்ன சுத்தியல் எங்க இருக்கு?” என்றார்.

அம்மா எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

துடுப்பு மாட்டுகிற உருளையைக் கழற்ற, குறுக்கே நிற்கிற ஒரு சின்ன முளையைத் தட்டி வெளியே எடுக்கவேண்டும். அதற்கு ஒரு ஆணி வேண்டும். ஆணி எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். பிறகு ஸ்க்ரூக்கள். பிறகு தலையின் அடிப்பாகம் மொத்தமாகக் கையோடு வந்தது. உள்ளே பார்த்ததும் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார். பல்சக்கரங்களே தெரியவில்லை. அடிப்பிடித்த கருப்பட்டி அல்வா மாதிரி பழுப்பாக ஏதோ அப்பிக்கிடந்தது. அதை வழிக்க ஒரு கரண்டி வேண்டும். “பழைய கரண்டி ஏதாவது உண்டாக்கா? நீ எந்திரிக்காண்டாம், எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு.” அவள் சொன்னாள். யாருக்கும் கிடைக்கவில்லை. எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். பழைய துணிக்கு ஒரு தடவை, மண்ணெண்ணெய்க்கு ஒரு தடவை, இடையில் சாயாவுக்கு ஒரு தடவை. நான்காவதோ ஐந்தாவதோ தடவை அவள் துவைக்கிற கல்லுக்குத் திரும்பாமல் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

இதற்கிடையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சங்கதி எப்படியோ பரவியிருந்தது. மாமி கேட்டாள்: “எப்பிடி இருக்கு பிள்ளே? இப்ப கொள்ளாமா?” அம்மா, “கொஞ்சம் வய்யாதான் மயினி, முதுகு பிடிச்சிருக்கு,” என்றாள். “இல்ல பிள்ளே, மிஷினு,” என்றாள் மாமி. அம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். “தொறந்து வச்சிருக்காவ,” என்று மட்டும் சொன்னாள். சபையில் அம்மாவோடு பாடுகிற ஒரு அக்கா நேரிலேயே வந்து, மேஜையில் கிடந்ததைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டி, “ஜெபத்துல நினைச்சுக்கிடுதேன்,” என்றாள். அதுவும் மிஷினுக்குத்தான்.

என் வேலை கழுவுவது. மாமாவின் விரல்கள் தடிமன். பற்களுக்கு நடுவே என் விரல்தான் போகும். மண்ணெண்ணெய் ஊற்ற ஒரு பாத்திரம் தேடியபோது, மாமா அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்த பீங்கான் பரணியை எடுத்தார். “காலியாத்தானே இருக்கு?”

“அதில வேண்டாம்,” என்றாள் அம்மா.

அது கேக்குக்குப் பழம் ஊறப்போடுகிற பரணி. சாதாரணமாக அக்டோபரிலேயே அதில் உலர்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் ஊறத் தொடங்கிவிடும். மூடியைத் திறந்தால் ஒரு மணம் வரும். அந்த மணத்துக்குக் காரணம் என்ன என்று சபையில் யாரும் விசாரிப்பதில்லை. அந்த வருஷம் டிசம்பர் வந்தும் பரணி காய்ந்து கிடந்தது. மிஷின் ஒழுகத் தொடங்கியதோ இரண்டு நாள் முன்னால்தான். மாமா பரணியை வைத்துவிட்டு ஒரு பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. வேலை தொடங்கவேண்டுமே என்றுதான் இருந்தது.

ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி மாமா என்னிடம் தந்தார். டப்பாவில் முக்கி, பழைய பல்தேய்க்கிற பிரஷால் தேய்த்தேன். பழையது என்று நான் நினைத்த பிரஷ் அப்பாவுடையது, புதுசு. அது தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. “பரவாயில்ல, மிஷினுக்குப் பல்லு நம்மள விடக் கூடுதல்லா,” என்றார் அப்பா. பழுப்பு கரைந்து இரும்பு வெளியே வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒவ்வொன்றையும் அப்பாவின் கிழிந்த பனியனால் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே பேப்பரில் வட்டமாக அடுக்கி வைத்தேன். அடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அவற்றில் ஒன்று மட்டும் நிறம் வேறாக இருந்தது. எடையும் குறைவு. “மாமா, இது எந்தா?” என்றேன். பள்ளிக்கூடத்து மலையாளம் அப்படித்தான் எனக்கு நடுவில் வந்து விழும்.

“அதாக்கும் புத்தி,” என்றார் மாமா. “மத்ததெல்லாம் உருக்கு. இதை மட்டும் வேணும்னே லேசான சாதனத்துல செஞ்சிருக்கான். பாரம் கூடிப்போச்சுன்னு வையி, இது மொதல்ல ஒடைஞ்சு குடுத்துரும். மோட்டார் தப்பிச்சுக்கிடும். இது ஒடைஞ்சா இஞ்ச எங்கயும் கெடைக்காது, பின்ன மிஷினை மூடி வைக்க வேண்டியதுதான்.”

சுவரில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். மேஜைக்கு வந்து குனிந்து பார்த்தாள். “அது ஒடைஞ்சிருக்கா?”

“இல்லக்கா! ஒரு பல்லுகூடப் போகல்ல. பாரு.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தாச்சு. நீ வெசனப்படாத.”

“ஓ,” என்றாள் அம்மா. அந்தச் சக்கரத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மிஷின்மேல் அவளுக்கு எவ்வளவு கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இனி கிரீஸ். இதில் இரண்டு கட்சி. தேங்காய் எண்ணெய் போதும் என்றார் அப்பா. அவருக்குத் தலைவலி, கதவுக் கீல், வெட்டுக்காயம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் ஒரு மாதத்தில் சிக்குப் பிடித்துப் பழைய எண்ணெய்ப் பலகாரம் மாதிரி நாறும் என்றார் மாமா. கடைசியில் அப்பா ஸ்கூட்டரை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சாலை பஜாரில் சைக்கிள் சாமான் விற்கிற கடைக்காரர் கறுப்புக் கிரீஸைக் காட்டினார். கேக்கு மிஷினுக்கு என்று சொன்னதும் டப்பாவை மூடிவிட்டுச் சிரித்தார். பிறகுதான் அப்பாவுக்கு எங்கள் முக்குப் பேக்கரி ஞாபகம் வந்தது. அங்கே மாவு பிசைகிற பெரிய மிஷின் உண்டு.

பேக்கரிக்காரருக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. உள்ளே போய், மணமில்லாத வெள்ளைக் கிரீஸ் ஒரு கிண்ணம் நிறைய எடுத்துவந்து, எதுவும் வாங்கிக்கொள்ளாமல் கொடுத்தார். உணவு படுகிற மிஷினுக்கு என்றே வருகிறது, நாக்கில் பட்டாலும் ஒன்றுமில்லை என்றார். பிறகு, முன்பெல்லாம் தகரத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் சத்தமும் சிரிப்புமாக வருவார்களே, அவர்களெல்லாம் இப்போது எங்கே என்று மலையாளத்தில் விசாரித்தார். அப்பா பெருமையாக, “இப்ப வீட்டுல மிஷின் இருக்கு,” என்றார். பேக்கரிக்காரர், “ஆங்,” என்றார். ஒரு பொட்டலத்தில் எனக்கு ரஸ்க்கும் தந்தார்.

மத்தியானத்துக்குமேல் மாமா எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் கிரீஸை நான் விரலால் அப்பினேன். அதிகமானால் மறுபடி ஒழுகும், குறைந்தால் முனகும் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். முளையை அடித்து இறக்கினார். பிளக்கைச் சொருகினார். சுவிட்சைத் தட்டினார்.

கடகடவென்று ஒரு சத்தம் வந்து, எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது. மாமா சட்டென்று அணைத்தார். மறுபடி தட்டினார். மறுபடி அதே. கழற்றிப் பார்த்தார், பூட்டினார். மூன்றாம் தடவையும் மாட்டிக்கொண்டது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “கொண்டுவந்தவன் நான். என் கையாலேயே கெடுத்திட்டேனே,” என்று முனகினார்.

அப்போதுதான் அம்மா வந்து அவர் தோளில் கையை வைத்தாள். அன்று காலையிலிருந்து கேட்காத ஒரு குரலில், ஏறக்குறையச் சிரிப்போடு, “சவத்தை விடு தம்பி. நீ கெடுக்கல்ல. அதுக்கு அவ்வளவுதான் ஆயுசு. ஏத்தம்பழம் இருக்கு, பழம்பொரி போடுதேன். எல்லாரும் இருந்து பேசிக்கிட்டுத் தின்னுவோம். நாளைக்கு ஆராதனை முடிஞ்சு கடலுக்குப் போவோம். நீ வந்ததுல இருந்து ஒரு எடத்துக்கும் போகல்லியே,” என்றாள். யாரும் கேட்காமல் அவளாகப் பலகாரம் போடுகிறேன் என்று சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. உள்ளே போனவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. வெண்ணெய் அடிக்கிற காலத்துப் பாட்டு.

மாமா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். அப்பா பேப்பரைச் சுருட்டத் தொடங்கினார். எனக்குத்தான் மனசு வரவில்லை. இவ்வளவு தேய்த்தது எல்லாம் வீணா? அப்பா சுருட்டுகிற பேப்பரை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். என் வட்டத்தில் ஒரு இடத்தில், காகிதம்போல மெல்லிய ஒரு வளையம் எண்ணெயில் ஒட்டிக்கிடந்தது. பேப்பரின் நிறத்தோடு நிறமாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

“மாமா, இந்த வாஷர்…”

“அது எக்ஸ்ட்ரா இருக்கும் மக்களே,” என்றார் அப்பா.

“இல்ல. இது பெரிய பல்சக்கரத்துக்கும் அந்த லேசான சக்கரத்துக்கும் நடுவுல இருந்துது. நான் வரிசையாத்தானே வச்சேன்.”

மாமா அதை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையிலெடுத்தார்.

இந்தத் தடவை சுவிட்சைத் தட்டியபோது சத்தமே வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவ்வளவு மெதுவாக, வெண்ணெயில் கத்தி போகிறது மாதிரி, துடுப்பு சுற்றியது. மாமா வேகத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். முனகல் இல்லை. மாமா என்னைத் தூக்கி மேஜைமேல் நிறுத்திவிட்டார். “இவளாக்கும் இஞ்சினியர்!” என்று கத்தினார். அப்பா கைதட்டினார். கையோடு போனை எடுத்து மாமிக்குச் சொன்னார்: “ஓடுது, ஓடுது! கேக்கு உண்டு! எல்லாருக்கும் சொல்லிரு!” மறுமுனையில் மாமி சந்தோஷத்தில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

அம்மா பழம்பொரித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. வந்து தட்டை மேஜையில் வைத்தாள். சுற்றிக்கொண்டிருந்த மிஷினின் தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“சூடு இல்ல,” என்றாள்.

“பின்ன!” என்றார் மாமா. அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. “இப்ப சந்தோசமாக்கா?”

அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். “ஓ. சந்தோசம்,” என்றாள்.

“அம்மா, நான்தான் கண்டுபிடிச்சேன்,” என்றேன், மேஜைமேல் நின்றபடியே. அவள் என்னை இறக்கிவிட்டாள். என் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கவுனிலும் வரிவரியாக இருந்தது. அதற்கு அடி விழும் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துப் பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். பின்னால் அப்பாவும் மாமாவும், முட்டை எத்தனை வேண்டும், பழத்தை இனி ஊறப்போட நேரமில்லையே, சூடு காட்டினால் போதுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

துவைக்கிற கல்லில் என்னை உட்காரவைத்து, சோப்பு போட்டு, ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். நகத்துக்குள் அழுக்கெடுக்கத் தன் நகத்தாலேயே சுரண்டினாள். மெதுவாக, வலிக்காமல். கறுப்புத் தண்ணீர் ஓடியது, பிறகு சாம்பல் நிறத்தில் ஓடியது, பிறகு தெளிந்தது. அவள் நிறுத்தவில்லை. குழாய் திறந்தே கிடந்தது. பல் தேய்க்கும்போது அதை மூடாமல் விட்டால் தலையில் குட்டுகிறவள் அவள்.

“அம்மா, போயாச்சு,” என்றேன்.

“இன்னும் இருக்கு மக்களே,” என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போல என்று நினைத்தேன். உள்ளேயிருந்து மாமா, “அக்கா! வெண்ணெய் இப்பமே வெளிய எடுத்து வைக்கட்டா?” என்று கேட்டார். அம்மாவின் விரல்கள் என் விரல்களுக்கு நடுவில் அப்படியே நின்றன.

பிறகு சேலைத் தலைப்பால் என் கையைத் துடைத்துவிட்டாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். சோப்பை மறுபடி எடுத்து, நுரை வரும்வரை உருட்டி, தன்னுடைய இரண்டு கைகளையும் முழங்கைக்குமேல் வரை கழுவத் தொடங்கினாள். என் கையோடு சேர்ந்து அவள் கையும் ஏற்கெனவே வெளுத்திருந்தது, ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. எதற்குக் கழுவுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா குழாயை இறுக்கி மூடினாள், கையை உதறினாள், தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.